மாட்டோம், மூன்று முறை

லிஃப்டில் ஏறியதும் ‘மூன்றாம் தளம். கதவுகள் திறக்கின்றன’ என்று ஒரு பெண் குரல் சொல்கிறதே, அந்த அம்மாளுக்கு மூச்சே வாங்காதா என்று நீங்கள் என்றைக்காவது யோசித்ததுண்டா? யோசித்திருக்க மாட்டீர்கள். நீங்கள் யோசிக்கக் கூடாது என்பதற்காகவே ஒரு மனிதர் காலையிலிருந்து சாயங்காலம் வரை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அறிவிப்புகளைப் பதிவு செய்து கொடுக்கும் சின்ன ஸ்டுடியோ ஒன்றில் அவருக்கு வேலை. லிஃப்ட், ரயில் நிலையம், ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது’ என்று சொல்லிவிட்டு நம்மை மணிக்கணக்கில் காயப்போடும் தொலைபேசிக் குரல், எல்லாம் அவர் கைபட்டுத்தான் வெளியே வரும். பேசுகிறவர்கள் வந்து பேசிவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு இவர் திரையில் அலை அலையாக நிற்கும் குரலை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, வார்த்தைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் மூச்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து வெட்டுவார். எச்சில் விழுங்கும் சத்தம், நாற்காலி முனகும் சத்தம், எதுவும் அவர் காதுக்குத் தப்பாது. ஸ்டுடியோவில் அவருக்குக் கத்திரி என்று பெயர். நாம் வயதுக்கு மரியாதை கொடுத்துக் கத்திரியார் என்று வைத்துக்கொள்வோம்.

கத்திரியார் அதிர்ந்து பேசத் தெரியாதவர். முடிவெட்டுகிறவன் தலையில் பாதியைக் காணாமல் அடித்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டினாலும் ‘பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கு’ என்று எழுந்து வருகிற ரகம். அவருக்கு வாய்த்த மனைவியோ நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அந்த அம்மாளின் வாய்க்கும் வண்டியின் ஹாரனுக்கும் யார் பெரியவர் என்று இன்னும் முடிவாகவில்லை. “இந்த வீட்டுல நான் ஹாரன், அவரு பிரேக்கு. ரெண்டும் இருந்தாத்தான் வண்டி ஓடும்” என்று அவரே சொல்லிக்கொள்வார். அவர்களுக்கு ஒரே மகள்.

அந்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே நெஞ்சில் இழுப்பு வந்துவிட்டது. மூச்சு விடும்போதெல்லாம் உள்ளே யாரோ சன்னமாக விசிலடிப்பது போலக் கேட்கும். அழுது தீர்த்த பிறகு அம்மாதான் சிரித்துக்கொண்டே அவளுக்கு விசில் என்று பெயர் வைத்தாள். அப்பாவுக்குச் சிரிக்க வரவில்லை. தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த விசில் கூடுகிறதா குறைகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஊரெல்லாம் மெச்சுகிற அந்தக் காது அவருக்கு ஸ்டுடியோவில் வந்ததில்லை, தொட்டிலடியில் வந்தது. யாராவது மூச்சை இழுத்து வாங்கும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் அவருக்கு வயிற்றைப் பிசையும். வெட்டி எறிந்த பிறகுதான் நிம்மதி வரும்.

விசில் வளர்ந்தாள். சைக்கிள் பழுது பார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சட்டைப் பையில் இன்ஹேலர், இன்னொரு பையில் ஸ்பேனர். பள்ளியில் படித்தபோது பாட்டுக் குழுவில் சேர ஆசைப்பட்டுப் போனாள். நீண்ட சுரம் வரும் இடத்திலெல்லாம் அவளுக்கு மட்டும் பாதியிலேயே மூச்சு தீர்ந்துபோகும். பாட்டு டீச்சர் நல்லவர்தான், ஆனால் மற்றவர்கள் பாட, இவளைப் பக்கம் புரட்டிவிட வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கத்திரியாருக்கு அது இன்னும் வலித்தது.

பிறகு ஒரு நாள் வேலைவிட்டு வந்தவள் கண்ணெல்லாம் ஜொலிக்க, அப்பாவின் காதில் அவளே ஹெட்போனை மாட்டிவிட்டாள். உள்ளே யாரோ நாலைந்து பேர் தகரக் கொட்டகையை இழுத்துத் தள்ளுவது போல ஒரு சத்தம். ஆரம்பித்த வேகத்தில் முடிந்தும் போய்விட்டது.

“இதாம்ப்பா பங்க் ராக். இதுல யாரும் சுரத்தப் புடிச்சு இழுத்துக்கிட்டே நிக்க வேணாம். கிட்டார்ல மூணே மூணு கார்ட், மூணே விரல்பிடி. கை மேல இருந்து கீழ, மேல இருந்து கீழ, ஒரே வெட்டு, அவ்ளோதான். நடுவுல ஒருத்தர் தனியா நின்னு வித்தை காட்டறதெல்லாம் கிடையாது. ரெண்டு நிமிஷத்துக்குள்ள பாட்டே முடிஞ்சுடும். பாடக்கூட வேணாம்ப்பா, கத்தினாப் போதும்!”

“இவ்வளவு வேகமா எதுக்கும்மா ஓடணும்?”

“மூச்சு தீர்றதுக்குள்ள போய்ச் சேரணும்ல” என்று சிரித்தாள். அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை கிடைத்துவிட்டது போல அவள் முகம் இருந்தது. அன்றைக்கு அந்தப் பாட்டை முடிய முடியத் திரும்பத் திரும்பப் போட்டாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்தப் பழக்கம். ஒன்று மனதுக்குப் பிடித்துவிட்டால், முடிந்த மறு நொடியே விரல் தானாகப் போய் மறுபடியும் அழுத்தும்.

கொஞ்ச நாளில் அவளே ஒரு குழு சேர்த்துவிட்டாள். டிரம்ஸ் அடிக்க ஒரு பேக்கரிப் பெண். மாவு பிசைந்து பிசைந்து முறுக்கேறிய கை அவளுக்கு. கூப்பிடும் பெயர் ரொட்டி. பேஸ் கிட்டாருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு நெட்டைப் பையன். அவன் பெயர் என்னவாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கண்ணாடி. குழுவுக்கு ‘அவசரக்குடுக்கைகள்’ என்று பெயர் வைத்தார்கள். அம்மா கைதட்டினாள். ரொட்டியின் பெரியப்பாவுக்கு ஒரு டயர் கடை இருந்தது. அதன் பின்கட்டில், சுவரெல்லாம் பழைய டயர் அடுக்கியிருந்த அறையில், இந்த மூன்று பேரும் போட்ட கூச்சலைப் பெரியப்பா தவிர வேறு யாரும் குறை சொல்லவில்லை. பெரியப்பாவும் காதில் பஞ்சை வைத்துக்கொண்டுதான் குறை சொன்னார்.

அவர்களுடைய பாட்டுகளிலேயே பேர் வாங்கியது ஒன்று. அதன் வரிகளை விசில் எங்கேயும் தேடிப் போகவில்லை, அப்பாவின் வாயிலிருந்தே எடுத்துக்கொண்டாள். வீட்டில் அவர் முணுமுணுத்துக்கொண்டே சரிபார்க்கும் அறிவிப்புகள்தான் பாட்டு. “வரிசையில் வரவும்!” என்று விசில் கத்துவாள். மற்ற இரண்டு பேரும் சேர்ந்து “மாட்டோம்! மாட்டோம்! மாட்டோம்!” என்று கத்துவார்கள். “அமைதியாக இருக்கவும்!” மறுபடியும் மூன்று மாட்டோம். “உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, இணைப்பிலேயே இருக்கவும்!” மாட்டோம், மாட்டோம், மாட்டோம். அம்மா முதல் தடவை கேட்டபோது சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அவர்களுடைய நிகழ்ச்சிகளுக்கெல்லாம் ஆஜர். கத்திரியார் மட்டும் ஒன்றுக்கும் போகவில்லை. சத்தம் காதுக்கு ஆகாது, தொழிலே காதை நம்பித்தான் என்று சொல்வார். உண்மை வேறு. அவள் மேடையில் நின்று மூச்சுக்குத் திணறுவதைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

இப்படி இருக்கும்போது கண்ணாடிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. கல்யாண வீடு போல எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், அப்புறம் மூன்று பேரும் உட்கார்ந்து அழுதார்கள். அவன் போய்விட்டால் குழு அவ்வளவுதான். இத்தனை நாள் அடித்த கொட்டத்துக்கு அடையாளமாகச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு பதிவு கிடையாது. போனில் எடுத்தவையெல்லாம் வெறும் கொரகொரப்பு.

விசில் அப்பாவிடம் வந்து நின்றாள். “அந்த ஒரு பாட்டையாவது உங்க ஸ்டுடியோவுல பதிவு பண்ணித் தர்றீங்களாப்பா? அதாம்ப்பா எங்களுக்கு மிஞ்சப்போறது.”

கத்திரியாருக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்நாள் முழுக்க லிஃப்டுக்கும் வங்கிக்கும் செய்த வேலையைக் கடைசியில் பெற்ற பெண்ணுக்குச் செய்யப்போகிறார்! முதலாளியிடம் கேட்டு, விடுமுறை நாளில் ஸ்டுடியோவைத் திறந்து, காலையிலேயே போய் எல்லா மைக்கையும் அவரே துடைத்து வைத்தார்.

அவர் என்ன செய்தார் என்பதை நான் வரிசையாகச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். ஒவ்வொன்றும் பாசத்தில் செய்தது. மூன்று பேரையும் சேர்த்து வாசிக்க விடவில்லை, ஒருவர் சத்தம் இன்னொருவர் மைக்கில் ஒழுகும் என்று தனித்தனியாக உட்காரவைத்தார். விசிலின் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி கரகரவென்று உறுமியது. சத்தம் அளவு மீறியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிகிறதே என்று அதைத் திருகிக் குறைத்துவிட்டார். ரொட்டி டிரம்ஸ் அடிக்க அடிக்க வேகம் கூடிக்கொண்டே போகும், பாட்டின் முடிவில் எல்லோரும் பள்ளத்தில் இறங்கும் சைக்கிளில் இருப்பார்கள். அதைக் கணினியில் போட்டு, கடிகாரம் மாதிரி நேராக்கினார். ஆரம்பத்தில் அவள் ‘ஒண்ணு ரெண்டு மூணு நாலு’ என்று போடும் சத்தத்தை, பாட்டுக்குச் சம்பந்தமில்லாதது என்று எடுத்துவிட்டார்.

மகளின் குரலுக்கு வந்தபோதுதான் அவருடைய பாசம் எல்லை மீறியது. அவள் திணறக் கூடாது என்று ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பதிந்தார். ஒரு வரி, கொஞ்சம் தண்ணீர், ஓய்வு, பிறகு அடுத்த வரி. அப்படியும் வரிகளுக்கு முன்னால் மூச்சுகள் இருக்கத்தான் செய்தன. அந்தப் பழைய விசில் ஒன்றிரண்டில் கேட்டது. வயிற்றைப் பிசைந்தது. ஒன்றுவிடாமல் வெட்டினார். மற்றவர்கள் கத்தும் ‘மாட்டோம்’ மூன்றும் மூன்று விதமாக இருந்தது. ஒரு தடவை சொன்னால் புரியாதா, எதற்கு மூன்று என்று நினைத்து, இருப்பதில் ஒழுங்கான ஒன்றை வைத்துக்கொண்டு மீதி இரண்டை வெட்டிவிட்டார்.

சாயங்காலம் சமையலறை மேஜையில், அம்மாவும் மகளும் எதிரில் உட்கார, போட்டுக் காட்டினார். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். முடிந்தது. விசில் எழுந்து வந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“நல்லா இருக்குப்பா. எவ்ளோ வேலை பண்ணியிருக்கீங்க!”

அப்புறம் தட்டுகளை எடுத்துக் கழுவப் போய்விட்டாள். மறுபடியும் போடவில்லை. கத்திரியார் கொஞ்ச நேரம் காத்திருந்தார். குழாய்ச் சத்தம் நின்றது, துணியால் துடைக்கும் சத்தம் கேட்டது, அவள் தன் அறைக்குப் போகும் சத்தமும் கேட்டது. விரல் பொத்தான் பக்கமே போகவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல மனைவியின் பேருந்தில் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். ‘ஓட்டுநருடன் பேசாதீர்கள்’ என்று அவர் தலைக்கு நேராக எழுதியிருந்தது. அந்த விதி பயணிகளுக்குத்தான், ஓட்டுநர் பேசலாம் என்பது அந்த அம்மாளின் கட்சி.

“ஏங்க, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது” என்றார் சிக்னலில் நிறுத்திக்கொண்டே. “அவ மூச்ச எங்க வெச்சீங்க?”

“எடுத்துட்டேன். ஏன்?”

“அதான பாத்தேன். பாட்டு முடியறப்போ, மூணாவது மாடி வந்துடுச்சு, கதவு திறக்குதுன்னு சொல்லுவாளோன்னு உக்காந்திருந்தேன்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். கத்திரியார் சிரிக்கவில்லை. “அவ நல்லா இருக்குன்னு சொன்னாளே” என்றார்.

“உங்க மூஞ்சியப் பாத்துட்டு வேற என்னத்தச் சொல்லுவா? அப்பா மனசு கஷ்டப்படும், இதையே ரெக்கார்டுன்னு வெளியிட்டுடலாம்னு காலையில போன்ல அந்தப் பசங்ககிட்டயும் சொல்லிட்டா. காலம் பூரா அவளுக்கு மிஞ்சப்போறது அதுதான். ஒரு நாளாவது போய் அவங்க வாசிக்கறதப் பாத்திருக்கீங்களா? பாக்காமயே எப்படிங்க வெட்டினீங்க?” பச்சை விழுந்தது. வண்டி கிளம்பிய வேகத்தில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் ஒரு அடி பின்னால் போனார்கள்.

கத்திரியார் அன்றைக்கு முழுக்க வேலையில் தப்புத் தப்பாக வெட்டினார். ஒரு ரயிலுக்கு நடைமேடையே இல்லாமல் போய்விட்டது. சாயங்காலம் மணி அடித்ததும் நேராக டயர் கடைக்குப் போனார்.

பின்கட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. அவரை யாரும் கவனிக்கவில்லை. ரொட்டி குச்சிகளைத் தட்டி ‘ஒண்ணு ரெண்டு மூணு நாலு’ என்று அலறினாள், மூன்று பேரும் ஒரே சமயத்தில் குதித்தார்கள். கத்திரியாருக்கு முதலில் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. நெஞ்செலும்பில் வந்து இடித்தது அந்தச் சத்தம். விசிலின் கிட்டார் பெட்டி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது, அவள் கை மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே, நிற்காமல் வெட்டிக்கொண்டிருந்தது. அவள் முகத்தை அவர் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லை. பயம் என்பது அதில் மருந்துக்கும் இல்லை.

பார்க்கப் பார்க்க அவருக்கு ஒன்று பிடிபட்டது. விசில் ஒரு வரியைக் கத்தி முடிக்கிறாள், அவள் தோள் உயர்கிறது. கண்ணாடியும் ரொட்டியும் மைக்கைப் பார்ப்பதில்லை, தங்கள் கையைப் பார்ப்பதில்லை. அந்தத் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தோள் உயர்ந்ததும் மாட்டோம், மாட்டோம், மாட்டோம் என்று ஆரம்பிக்கிறார்கள். அவர்கள் மூன்று தடவை கத்தி முடிக்கிற அந்த நேரத்தில்தான் அவள் மூச்சை வாங்கி நிரப்பிக்கொள்கிறாள். முதல் மாட்டோமில் பாதி, இரண்டாவதில் மீதி, மூன்றாவதில் தலையை நிமிர்த்திக் கிட்டாரைத் தூக்கிப் பிடித்துவிடுகிறாள்.

இரண்டை வெட்டியிருந்தார் அவர். தன் பெண் மூச்சு விடுவதற்காக அவளுடைய நண்பர்கள் கட்டிக்கொடுத்த இடத்தை, வேண்டாத கூச்சல் என்று நினைத்து, தன் கையாலேயே இழுத்து மூடியிருந்தார். கத்திரியாருக்கு அவமானமும் இருந்தது, அதைவிட நன்றி அதிகமாக இருந்தது. தொட்டிலடியில் தான் மட்டும்தான் இந்தப் பெண்ணின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதாக இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தாரே, இதோ இரண்டு பேர்!

பாட்டு முடிந்ததும் விசில்தான் முதலில் பார்த்தாள். “அப்பா!” என்று பதறிப்போய் பெட்டியின் சத்தத்தைக் குறைக்க ஓடினாள்.

“குறைக்காதம்மா” என்றார் கத்திரியார். “நான் பண்ணினது குப்பை. நீ அதப் போடக் கூடாது. மறுபடியும் பதிவு பண்ணலாம். இங்கயே, இப்படியே. தனித்தனியா வேணாம்.”

ரொட்டிதான், “அங்கிள், அந்த நாலு எண்ணறது?” என்று கேட்டாள்.

“அதுவும் இருக்கும். எதையும் தொட மாட்டேன்.”

கண்ணாடி கிளம்புவதற்கு முதல் நாள் பகலில்தான் எல்லோருக்கும் நேரம் ஒழிந்தது. டயர் கடைக்கு அன்று விடுமுறை. கத்திரியார் ஒரே ஒரு மைக்கை எடுத்து வந்து, டயர் அடுக்கின் உச்சியில் கட்டினார். எல்லாம் தயார் என்று நிமிர்ந்தபோது கண்ணாடி வந்து நின்றான். வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. வழியனுப்பும் விருந்து மேல் விருந்தாகப் போய், நாலு நாளாக ஐஸ்கிரீமும் அரட்டையுமாக இருந்ததில் தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது.

“உன்ன இங்கயே வெச்சுக் கொன்னுடுவேன்டா” என்றாள் ரொட்டி. அவன் பரிதாபமாகத் தன் பேஸ் கிட்டாரைக் காட்டினான். கை நன்றாக இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம்.

“நான் ஒருத்தியே கத்திக்கறேன், வா” என்று ரொட்டி உட்கார்ந்தாள். ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு வரிக்குத் தாக்குப்பிடித்தாள். மூன்றாவது வரி அடி வேகமாகும் இடம், இரண்டு கையும் பறக்கும்போது அவளுக்கே மூச்சு வாங்கியது. ஒரு மாட்டோம் மட்டும் வந்தது. விசில் அரைகுறை மூச்சோடு அடுத்த வரியைத் தொட்டாள், பாதியில் குரல் உடைந்தது, குனிந்து இருமினாள். கிட்டார் ஒரு ஊளையோடு நின்றது.

கத்திரியார் ஓடிவந்தார். அவள் இன்ஹேலரை எடுத்து உறிஞ்சி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். “போதும்மா” என்றார். “போன்ல எடுத்தது இருக்கில்ல, அது போதும். விட்டுடலாம்.”

விசில் நிமிர்ந்தாள். கோபப்படவில்லை. “அப்பா, நாளைக்கு இவன் இருக்க மாட்டான். இன்னிக்கு விட்டா இந்தப் பாட்டு எனக்கு என்னிக்கும் கிடையாது. மூச்சு எனக்கு இருக்கு. அத வாங்கறதுக்கு இடம்தான் இல்ல.”

கத்திரியார் கண்ணாடியைப் பார்த்தார், ரொட்டியைப் பார்த்தார். பிறகு போய் டிரம்ஸுக்குப் பக்கத்தில், இரண்டு டயருக்கு நடுவே, மகளின் தோள் தெரியும்படி நின்றுகொண்டார்.

“நான் கத்தறேன்” என்றார்.

ரொட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அங்கிள், நீங்களா? உங்களுக்குக் கத்த வருமா?”

“தெரியாது” என்றார் அவர், நேர்மையாக.

‘ஒண்ணு ரெண்டு மூணு நாலு!’ சத்தம் எழுந்து அவரை மூடிக்கொண்டது. “வரிசையில் வரவும்!” தோள் உயர்ந்தது. கத்திரியார் வாயைத் திறந்தார். அவர் சொன்ன முதல் மாட்டோம் அவர் காதுக்கே எட்டவில்லை. இரண்டாவது கொஞ்சம் எட்டியது. “அமைதியாக இருக்கவும்!” மாட்டோம் என்றார். முடிவெட்டுகிறவனிடம் சொல்லாதது, முதலாளியிடம் சொல்லாதது, இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாதது எல்லாம் அடியிலிருந்து கிளம்பி வந்தது. மூன்றாவது வரிக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். தாளத்துக்கு அரை அடி பின்னால்தான், ஆனால் கடையின் தகரக் கதவு அதிர்ந்தது. வாசலில் பெரியப்பா எட்டிப்பார்த்துவிட்டு, பஞ்சை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

பாட்டின் கடைசி வரி, எல்லா அறிவிப்பையும் ஒன்றாகக் கோத்த ஒரு பெரிய வரி. நடுவே யாரும் கத்துவதில்லை. முழுதாக ஒரே மூச்சில் சொல்லி முடித்தால்தான் அது பாட்டு. “தயவுசெய்து வரிசையில் அமைதியாக...” என்று விசில் கிளம்பினாள். ஏற்கனவே ஒரு தடவை இருமிக் களைத்திருந்த நெஞ்சு. கத்திரியாருக்கு அது கேட்டது. அந்தச் சின்ன விசில். கிட்டாரும் டிரம்ஸும் அந்த ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கும்போது அது கேட்டிருக்கவே முடியாது என்று சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். அவருக்குக் கேட்டது. இன்னும் இரண்டு வார்த்தையில் தீர்ந்துவிடும் என்பதும் தெரிந்தது.

“மாட்டோம்!” என்று கத்தினார், யாரும் கத்தக் கூடாத அந்த இடத்தில். “மாட்டோம்! மாட்டோம்!”

விசில் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கை நிற்கவில்லை. ரொட்டி ஒரு கணம்கூடத் தயங்காமல் அவரோடு சேர்ந்துகொண்டாள். குரலே இல்லாத கண்ணாடி வாயை மட்டும் அசைத்தான். அவர்கள் கத்திக்கொண்டே இருந்தார்கள், மூன்று முறை, இன்னொரு மூன்று முறை. விசில் அப்பாவையே பார்த்துக்கொண்டு, அவசரமே படாமல், நெஞ்சு நிறைய மூச்சை வாங்கிக்கொண்டாள். பிறகு மைக்கை நோக்கித் திரும்பி, விட்ட இடத்திலிருந்து மீதி வரியைச் சொல்லி முடித்தாள். கடைசி அடியில் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றது. அறைக்குள் பெட்டியின் இரைச்சல் மட்டும் இருந்தது.

நான்கு பேரும் தரையில் கிடந்த டயர்கள் மேல் உட்கார்ந்து போட்டுக் கேட்டார்கள். கொரகொரவென்றுதான் இருந்தது. நாலு எண்ணுவது இருந்தது, கிட்டார் கிழிந்தது, போகப் போக வேகம் கூடியது. கடைசி வரி வந்தபோது கத்திரியார் கூசிப்போனார். தன் குரல் தனியாக, தகரம் உரசுவது போல, தாளத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு கேட்டது. அதற்குக் கீழே, நன்றாகக் காதைத் தீட்டிக்கொண்டால், நீளமாக ஒரு மூச்சு. உள்ளே போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. அவருக்கு வயிற்றைப் பிசையவில்லை. எவ்வளவு பெரிய மூச்சு இது, இவ்வளவும் இவளுக்கு இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, துடைக்கவும் தோன்றவில்லை.

பாட்டு முடிந்தது. பழக்கதோஷம், அவரால் சும்மா இருக்க முடியவில்லை. “என் குரல் ரொம்பத் தனியாத் தெரியுதும்மா. அந்த ஒண்ண மட்டும் எடுத்து...”

விசில் அப்பாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவள் விரல் தானாகப் போய் மறுபடியும் அழுத்தியது.